மூப்புரைக்கும் கிழமை

நெடுநாட் பிரிந்திருந்த இருவர் எதிர்ப்படுங்கால் முதலிற் பேசப்படும் மொழி எது என்பதைக் கொண்டு ஒரு சமூகத்தின் உள்ளத்தை ஒருவாறு அளந்துவிடலாம். யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு அத்தகைய முதன்மொழி ஒன்று உண்டு. கலியாண வீட்டிலும், கோயில் வீதியிலும், செத்தவீட்டு முற்றத்திலும், பஸ் தரிப்பிலும் அதனைக் கேட்கலாம். "என்ன மாஸ்டர், நல்லாய்க் கிழண்டிப் போனியள்!" "தலை முழுக்க வெளுத்துப் போச்சுது!" "ஆளை அடையாளந் தெரியேல்லை!" என்பன அதன் பாடபேதங்கள். சொன்னவர் சிரிப்பார், கேட்டவரும் சிரிப்பார். சொன்னவருடைய சிரிப்பு அவ்விடத்தோடு முடிந்துவிடும். கேட்டவரோ அன்றிரவு கண்ணாடிக்கு முன்னே ஒரு கணம் கூடுதலாக நிற்பார்.

அந்த ஒரு கணத்தைப் பற்றியே இங்கு எழுத எண்ணினேன். இது அற்ப விஷயம் என்று ஒதுக்குவோர் உளர். "ஐம்பது கடந்த மனிதர், அதுவும் பிராசீன பாடசாலையிலே பண்டித வகுப்புக்குப் பாடஞ் சொல்பவர், தம் தோற்றத்தைப் பற்றி ஒருவர் ஒரு சொல் சொன்னதற்கு வருந்தலாமா?" என்று அவர்கள் கேட்பார்கள். வருந்தலாம் என்பது என் கட்சி. அவ்வருத்தத்துக்குக் காரணம் அழகு குறைந்ததன்று, உரிமை மீறப்பட்டதே என்பதும் என் கட்சி. இதனை நிறுவுதற்கு இலக்கணத்தையும் இலக்கியத்தையும், ஓரளவுக்கு எம் ஊரவர் பட்டபாட்டையும் துணைக்கொள்கின்றேன்.

முதலில் எதிர்க்கட்சியார்க்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். எம் முன்னோர் ஒருவரை எதிரே நின்று புகழ அஞ்சினர். "நன்றாயிருக்கிறாய்", "இளமையாயிருக்கிறாய்" என்று வாய்திறந்து சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையைக் கண்டாற்கூட அதன் கன்னத்திலே கரும்பொட்டொன்றை இட்டுவிட்டுத்தான் அப்பால் நகர்வார்கள். ஆகவே அன்புடையார் அன்புடையாரைக் கண்டபோது, நிறையைச் சொல்லாது குறையைச் சொல்வது வழக்காயிற்று. விடுதியிலிருந்து வீடு வந்த பிள்ளையைத் தாய், "மெலிஞ்சு போனாய் மோனை" என்றே வரவேற்பாள். பிள்ளை இரண்டு இறாத்தல் கூடி வந்திருந்தாலும் தாயின் வாயிலே அவன் மெலிந்தவனே. இங்கே சொல்லின் பொருள் மெலிவு அன்று. 'உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்' என்பதே அதன் பொருள். இதனைக் குற்றமென்று நான் சொல்லத் துணியேன்.

ஆயினும் தாய் அச்சொல்லோடு நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "மெலிஞ்சு போனாய்" என்ற வாய் மூடுமுன்னே, "இரு, சாப்பிட்டிட்டுப் போ" என்று சோற்றுக் கோப்பை வந்துவிடும். குறையைக் கண்டவள் அதனை நிரப்பும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள். எனவே அச்சொல் குத்தவில்லை. கலியாணப் பந்தலிலே கைகுலுக்கிக்கொண்டே, "என்ன, ஒரேயடியாய் முதிர்ந்துபோனீர்" என்று கூறிவிட்டு அடுத்தவரை நாடிப் போகும் நண்பரிடத்திலே அந்தச் சோற்றுக் கோப்பை இல்லை. தாயின் சொல்லை எடுத்துக்கொண்டார். தாயின் கடமையை விட்டுவிட்டார். வழக்கின் உடம்பு இருக்கின்றது, உயிர் போய்விட்டது.

"உள்ளதைத்தானே சொன்னேன், பொய் சொன்னேனா?" என்று கேட்பவர்க்கு விடை கூறுதல் எளிது. திருவள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, பிறர்க்குத் தீங்கு பயவாமையை வாய்மைக்கு அளவாக வைத்துவிட்டார். உள்ளதை உள்ளவாறு உரைத்தலே வாய்மை என்று அவர் விட்டுவிடவில்லை. இலக்கண நூலாரும் இதிலே விழிப்புடையவர்கள். பவணந்தி முனிவர் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கி, தகுதி வழக்கினுள்ளே இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றை வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்கிறோம். இவை பொய்யல்ல. கேட்போன் உள்ளத்துக்கு இசைய உண்மைக்கு ஓர் ஆடை உடுத்திய அளவே. இறந்தவனுக்குக்கூட ஆடை உடுத்த தமிழ், உயிரோடு நின்று கேட்கின்றவனுடைய நரைக்கும் திரைக்கும் ஓர் ஆடை கொடுக்கக் கூடாதா? தகுதி வழக்கைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணுகின்ற மாணவர்கள், அதனைத் தெருவிலே கையாளவும் கற்றுக்கொண்டால் நன்னூலார் மகிழ்வார்.

இனிச் சொற்களை நோக்குவோம். தமிழகத்தார் முதியவரை 'வயதானவர்' என்பர். நாமோ 'வயதுபோனவர்' என்போம். அவர்களுக்கு வயது ஆகின்றது. எமக்கு வயது போகின்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருவனிடத்தே வந்து தங்கியிருக்க, அவனை வயது போனவன் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று என் மாணவனொருவன் ஒருநாள் வினவினான். இனி எஞ்சியிருப்பதை எண்ணி எழுந்த வழக்குப் போலும் என்றேன். வந்ததை எண்ணாமல் போவதையே எண்ணும் மனம் அச்சொல்லிலே ஒளிந்திருக்கின்றது.

'கிழவன்' என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதி இதனினும் இரங்கத்தக்கது. தொல்காப்பியர் அகத்திணைத் தலைமக்களைக் கிழவன் என்றும் கிழத்தி என்றும் வழங்கினார். காதல் மிக்க இளையோரே அவர்கள், நரைத்தவர்கள் அல்லர். கிழமை என்பது உரிமை, உரிமையுடையவன் கிழவன். கோவூர் கிழார், சேக்கிழார் முதலிய பெயர்களிலே உள்ள கிழாரும் அவ்வுரிமை பற்றி வந்தவரே. ஆறாம் வேற்றுமைக்குரிய பொருளையும் கிழமைப் பொருள் என்றே இலக்கணம் கூறும். அச்சொல் காலகதியிலே நரைத்தவனுக்குப் பெயராகி, பின்பு 'கிழடு' என்று அஃறிணையாய்த் தேய்ந்தது. உரிமையுடையவன் என்று பொருள்பட்ட சொல்லே உரிமையிழந்தவனைச் சுட்டும் சொல்லாய் முடிந்தது. இத்தனைக்கும், 'எம்மொழி மூத்த மொழி' என்று மேடையேறி முழங்குவதில் நாம் எவர்க்கும் இளைத்தவர்களல்லேம். மொழிக்கு மூப்புப் பெருமை. மொழியைப் பேசுகின்ற மனிதனுக்கு மூப்புச் சிறுமை. இது என்ன நீதியோ!

கிழமையின் பழம்பொருளை மீட்டெடுத்தால் நான் சொல்லவந்தது தெளிவாகும். இலக்கண நூலார் கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என வகுப்பர். 'சாத்தனது வீடு' என்றால் வீடு சாத்தனின் வேறானது. விற்கலாம், பிறர்க்குக் கொடுக்கலாம். 'சாத்தனது கை' என்றால் கை சாத்தனின் வேறன்று. ஒருவனது நரையும் ஒருத்தியது முகச் சுருக்கமும் இவ்வாறு தற்கிழமையாய் நிற்பன. வீட்டின் சுவர் வெடித்திருக்கின்றது என்று வழிப்போக்கன் சொல்லலாம். முகத்தின் வரிகளைப் பற்றிப் பேசுதற்கு முதல் உரிமை முகத்தையுடையவர்க்கே உண்டு.

எம் இலக்கியங்கள் இவ்வரம்பைக் காத்திருக்கின்றன. மூப்பைப் பற்றிப் புறநானூற்றிலே உள்ள உருக்கமான பாட்டு, தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாட்டு. குளக்கரை மரத்தின் கிளையிலேறி, கரையில் நிற்போர் வியக்கும்படி ஆழ்நீரிலே குதித்து அடிமணலை அள்ளிவந்த சிறுவன், இன்று தடியூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களைச் சொல்லும் முதியவனாய் நின்று, அந்த இளமை எங்கே போயிற்று என்று ஏங்குகின்றான். படிப்போர் கண்கலங்குவர். ஏன்? அவனே அதனைச் சொல்கிறான், தன்மையிடத்திலே சொல்கிறான். அதே செய்தியை வேறொருவன் முன்னிலையாக்கி, 'அன்று குதித்தாய், இன்று தடியூன்றுகிறாய்' என்று அம்முதியவனைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது பாட்டாயிராது, ஏளனமாயிருக்கும். இடம் மாறினால் பொருள் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

காளிதாசனும் இந்த நுட்பத்தை அறிந்தவன். இரகுவமிசத்தின் பன்னிரண்டாஞ் சருக்கத் தொடக்கத்திலே மூப்பானவள் நரைமயிர் வடிவிலே தசரதனுடைய செவியடிக்கு வருகின்றாள். அரசை இராமனிடம் ஒப்படைக்குமாறு, கைகேயிக்கு அஞ்சினாள்போல, இரகசியமாய் ஓதுகின்றாள். அந்நூலை நல்லூர் அரச குலத்தவராகிய அரசகேசரி தமிழாக்கித் தந்தமையால் அது எமக்கும் உரித்தான நூலேயாம். அயோத்தியிலே அமைச்சர் பலர் இருந்தனர்; புலவரும் இருந்தனர்; கண்ணுடையோர் எல்லாரும் அரசன் நரைத்ததைக் கண்டிருப்பர். ஒருவராவது சபையிலே எழுந்து, 'மன்னா, நரைத்துவிட்டீர்' என்று கூறியதாகக் கவி சொல்லவில்லை. மூப்பே வந்தது, காதோடு சொன்னது, தசரதன் ஒருவனே கேட்டான். மூப்புக்கே இருந்த நாகரிகம் எம் நண்பர்களுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

'அப்படியாயின் பிறர் ஒருவரும் வாய்திறக்கலாகாதோ?' என்றொரு வினா எழும். பிசிராந்தையார் கதை அதற்கு விடை தரும். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரவராகிய அவர், தாம் நேரிற் கண்டிராத நண்பனாகிய கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தமை அறிந்து அவனிடம் வந்தார். ஆண்டு பல சென்றும் அவர் தலை நரைக்கவில்லை. அங்கிருந்தோர் அதன் காரணத்தை அவரிடமே வினவினர். தாமாக ஒரு தீர்ப்பை உரைத்துவிட்டுப் போகவில்லை. வினவினர், விடைக்குக் காத்து நின்றனர். அவர் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டாயிற்று. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தையே கருத்தாகக் கொண்ட ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரிலே அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர். இவையே தாம் நரையாமைக்குக் காரணம் என்றார். எண்ணெயையோ மூலிகையையோ அவர் சொல்லவில்லை. தம் தலைமயிரின் கருமைக்கு வீட்டையும் நாட்டையும் ஊரையும் காரணமாக்கினார்.

இக்காலத்து விஞ்ஞானமும் இவ்விடயத்திலே பிசிராந்தையாரை அடியோடு மறுத்துவிடவில்லை. மயிரின் வேரிலே நிறமூட்டும் மெலனின் என்னும் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் குறைவதால் நரை தோன்றுகின்றது. அது எப்போது தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கின்றது. ஆயினும் ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, கடும் நெருக்கீட்டுக்கு உள்ளான எலிகளின் உரோமம் வெளுத்ததையும், நரம்புகளின் வழியே அந்நிற உயிரணுக்களின் மூலங்கள் அழிந்ததையும் காட்டிற்று. எலிக்குக் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிவிடலாகாது. எனினும் உள்ளத்து நெருக்கடிக்கும் நரைக்கும் தொடர்புண்டு என்ற பழைய எண்ணம் வெறுங்கற்பனை அன்று என்பது புலனாகும்.

அங்ஙனமாயின், இன்று யாழ்ப்பாணத்திலே ஐம்பதைக் கடந்து நிற்கும் என் தலைமுறையாரிடம், 'ஏன் நரைத்தீர்?' என்று கேட்பார் விடையைக் கேட்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும். பிசிராந்தையார் கூறிய நிரலை ஒவ்வொன்றாய் மறுதலையாக்கினால் அதுவே எங்கள் விடை. மக்கள் அறிவு நிரம்பியவர்கள்தாம்; ஆனால் அவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். ஊரிலே சான்றோர் இருந்தார்கள். சிலர் மாண்டார்கள், பலர் ஊரைவிட்டுப் போனார்கள். வேந்தரைப் பற்றிச் சொல்லாமல் விடுதலே தகுதி வழக்கு. நாங்கள் இளைஞராயிருந்தபோது, 1990 தொடக்கம் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிப் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே படித்தோம், படிப்பித்தோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே மழையிலும் இருளிலும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். வன்னியிலே 2009 மே மாதம் வரை நின்றவர்களுடைய கதை எங்கள் கதையினும் கொடியது. முகத்திலே உள்ள வரிகள் இவற்றின் வரிகளும்தாம்.

இதிலே வெளியே சொல்லப்படாத இழப்பொன்று உண்டு. இடப்பெயர்வுகளின்போது மக்கள் காணியுறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பெட்டியிலே வைத்துக் கொண்டோடினார்கள். புகைப்படத் தொகுப்பைத் தூக்கிச் சென்றவர்கள் சிலரே. திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீடுகளிலே படம் இருக்குமா? ஆகவே எங்களிற் பலருக்கு இருபத்தைந்து வயதில் எப்படி இருந்தோம் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்த இளமுகம் எங்கே இருக்கின்றது? அக்காலத்திலே கப்பலிலோ விமானத்திலோ ஏறிப்போன நண்பர்களுடைய நினைவிலே இருக்கின்றது. எங்கள் இளமைக்கு அவர்களே ஏடு. 2002இலே பாதை திறந்தபோதும், 2009க்குப் பின்னரும் அவர்கள் அலையலையாய் ஊர் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் நினைவிலிருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் ஒத்துப்பார்த்து, "என்னடாப்பா, இப்பிடிக் கிழண்டிப் போனாய்!" என்றார்கள். அவர்களும் எங்களோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர்களே. ஆனால் தம் முகத்தைத் தாம் நாடோறும் காண்பதால் அதன் மாற்றம் அவர்களுக்குப் புலப்படவில்லை. 'நீ அப்போது நன்றாயிருந்தாய்; இன்னவாறு சிரிப்பாய்; இன்ன சட்டை போட்டிருப்பாய்' என்று அந்த ஏட்டை விரித்துக் காட்டியிருந்தால் நாங்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்போம்! தம்மிடம் இருந்ததைக் கொடாமல், எம்மிடம் இல்லாததை மட்டும் சுட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு நொந்தது அதனாலேதான்.

ஏட்டைப் பற்றிச் சொல்லும்போது சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் நினைவுக்கு வருகிறார். 1832இலே பிறந்த அவர், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். பழைய ஏட்டுச் சுவடிகள் தொட்ட மாத்திரத்திலே எவ்வாறு ஒடிந்தும் உதிர்ந்தும் போயின என்பதை அவர் பதிப்புரையிலே மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். அவர் சுவடியைக் கண்டு 'எவ்வளவு பழையதாய்ப் போயிற்று!' என்று நகைத்துவிட்டு மூடிவைக்கவில்லை. பழையதாகையால் மெல்லத் தொட்டார். பழையதாகையால் உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று படித்தார். ஓலைக்குக் காட்டிய அந்த மரியாதையிலே பாதியை மனிதர்க்குக் காட்டினாற் போதும்.

இவ்வாறு வருந்துவது வீண் மனவெழுச்சி என்று எண்ணுவோர்க்கு இன்னொரு செய்தி. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவி என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் 2002இலே வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே 50 வயதும் அதற்கு மேலுமான 660 பேரைப் பற்றியது. தம் மூப்பை நல்ல நோக்கோடு கருதியவர்கள், அவ்வாறு கருதாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தமையை அவ்வாராய்ச்சி காட்டிற்று. ஒருவன் தன் மூப்பைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் அவனுக்குள்ளேயே முளைப்பதன்று. பிறர் வாயிலிருந்தும் அது வந்து விழுகின்றது. உலகிலே இருவருள் ஒருவர் முதுமையைப் பற்றி இழிவான எண்ணமுடையவர் என உலக சுகாதார ஸ்தாபனம் 2021இலே வெளியிட்ட அறிக்கை கூறிற்று. எங்கள் நாட்டிலே முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அச்சட்டம் முதியோரைக் காக்க முயலும். நாவைக் கட்ட எச்சட்டத்தாலும் இயலாது. நாவைக் கட்டும் வேலை கல்வியினுடையது. எனவே ஆசிரியர்களாகிய எங்களுடையது.

ஆண்களுக்கே இவ்வளவென்றால் பெண்களின் நிலையை என்னென்பது! நரைத்த ஆடவனைப் பார்த்து 'அனுபவஸ்தர்' என்று ஒரு சமாதானமாவது சொல்வார்கள். நரைத்த பெண்ணுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. மையிட்டால் 'இந்த வயதிலும் ஆசை' என்பார்கள். இடாவிட்டால் 'தன்னைக் கவனிப்பதில்லை' என்பார்கள். அதனிலும் கொடிது மணமாகாத பெண்களுக்கு நேர்வது. போரினாலும் வறுமையினாலும் சீதனத்தினாலும், தம்பி தங்கையரைக் கரைசேர்த்த கடமையினாலும் மணம் தள்ளிப்போன பெண்கள் எம்மூர்களிலே எத்தனையோ பேர். பாடசாலைகளிலே என்னுடன் பணியாற்றிய ஆசிரியைமாருள்ளும் அத்தகையோர் இருந்தனர். அவர்களிடம் வந்து, 'பிள்ளைக்கும் வயது போகுது' என்று இரங்குவார்போல் சொல்கின்ற வாய் அவர்கள் சுமந்த சுமையில் ஒரு நாழியும் சுமந்ததில்லை. இவ்வொரு வாக்கியத்துக்கு அஞ்சியே உறவினர் கலியாணத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தவர்களை நான் அறிவேன். ஒரு சொல் ஒரு மனிதரைச் சுற்றத்தினின்றும் பிரித்துவிடுமானால், அதனை உபசார மொழி என்று எப்படி அழைப்பது?

எல்லாவற்றையும் மறைக்க வேண்டும், மூப்பென்னும் பேச்சே எடுக்கலாகாது என்பது என் கருத்தன்று. ஔவையாரை நரைமூதாட்டியாகவே நாம் கும்பிடுகிறோம். மணத்தை வேண்டாது விநாயகரிடம் முதுமையை அவரே கேட்டுப் பெற்றார் என்பது செவிவழிக் கதை. கேட்டுப் பெற்ற முதுமை. ஆதலால் அதிலே சிறுமை இல்லை. மூப்பை மதித்து அழைக்கும் அழைப்பும் எனக்கு உவப்பானதே. சென்ற ஆண்டு சன நெருக்கமுள்ள பஸ்ஸொன்றிலே ஒரு பாடசாலைப் பையன் எழுந்து நின்று, "அப்பு, இதிலை இருங்கோ" என்றான். வாழ்க்கையிலே முதன்முறையாக என்னை ஒருவர் அப்பு என்றார். நான் சிறிது துணுக்குற்றது உண்மை. ஆயினும் அச்சொல் வெறுங்கையோடு வரவில்லை. ஓர் இருக்கையோடு வந்தது. என் முழங்கால் அவனை வாழ்த்திற்று. தாயின் சோற்றுக் கோப்பையும் இந்தப் பையனின் இருக்கையும் ஓரினம்.

இதனால் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. ஒருவர் மூப்பைப் பற்றி நாம் சொல்ல நினைத்தது அவருக்கு ஏதேனும் ஒன்றைக் கொண்டுசெல்கின்றதா என்று முதலில் நோக்குக. நோயென்று தோன்றினால் தனியே அழைத்து, "உடம்புக்குச் சுகந்தானே?" என்று காதோடு கேட்கலாம், தசரதனிடம் மூப்பு வந்த முறை அது. காரணம் அறிய விரும்பினால் வினவிவிட்டு விடைக்குக் காத்து நிற்கலாம். பிசிராந்தையாரிடம் ஊரார் வினவிய முறை அது. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லையாயின், "கண்டு கனகாலம், கண்டதிலே சந்தோஷம்" என்று சொல்லலாம். இது பொய்யுமன்று, புகழ்ச்சியுமன்று. நாவூறும் இதனால் வராது.

சொற்பட்டு வருந்துவோர்க்கும் ஒரு வார்த்தை. மயிருக்குச் சாயம் பூசுவதும் பூசாதிருப்பதும் உங்கள் கிழமை. அதற்கு எவரிடமும் நியாயங் கூறவேண்டியதில்லை. "கிழண்டிப் போனீர்" என்பார்க்குச் சிரித்து மழுப்பவும் வேண்டாம். சினந்து மறுமொழி கூறவும் வேண்டாம். "ஓம், அந்தக் கதையைக் கேட்க நேரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நேரமுடையவர் அமர்வார்; கேட்பார். அவர் நண்பர். நேரமில்லாதவர் நாணி அகல்வார்; அடுத்த முறை வாயைத் திறக்குமுன் ஒருகால் எண்ணுவார்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இது. கிழவன் என்றால் உரிமையுடையவன் என்று பரீட்சையிலே எழுதிப் புள்ளி பெறுகிறீர்கள். அதனை வீதியிலும் மெய்ப்பியுங்கள். ஒருவருடைய நரையைப் பற்றிய முதற்சொல் அவர்க்கே உரியது. அதனை நீங்கள்தாம் சொல்லவேண்டுமென்றால், கையிலே ஒரு கதிரையையும் கொண்டு வாருங்கள்.